லேசாக வரும் மூச்சு

ஐஸ் வாங்க மண்டி மொஹல்லாவை விட நல்ல இடம் மைசூரில் கிடையாது, சார். மீன்காரர்களுக்காக அடிக்கிற ஐஸ்தான். பாளம் பாளமாக, மரத்தூள் ஒட்டிக்கொண்டு வரும். சீட் நனைகிறதே என்று ஆட்டோக்காரன் முகத்தைச் சுளிப்பான். சாக்கை இரண்டாக மடித்துப் போட்டுக்கொண்டால் ஹெப்பாளில் இருக்கும் எங்கள் ஷெட்டு வரைக்கும் கரையாமல் தாங்கும். இந்த விவரமெல்லாம் எனக்கு அத்துப்படி.

நீங்கள் கொள்ளேகால் பக்கம் என்பது பேச்சிலேயே தெரிந்துவிட்டது. அதனால் தமிழிலேயே சொல்கிறேன். ரைட்டர் கன்னடத்தில் எழுதிக்கொள்ளட்டும். முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. கையெழுத்து விஷயத்தில் நான் ரொம்பக் கறார்.

பசவராஜ் சார் கம்பெனியில் எங்களுக்குத் தண்ணீருக்கு அடியில் வேலை. அணை மதகில் சிக்கின மரத்தை அறுத்து எடுப்பது, சுரங்கக் கால்வாயின் வாயில் இருக்கும் கம்பியில் அடைசல் நீக்குவது, இந்த மாதிரி. மகேந்திரனும் நானும் எண்பத்திரண்டில் ஒரே நாளில் சேர்ந்தோம். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் கௌதள்ளி. ஒரே பஸ்ஸில் ஏறி வந்து, ஒரே அறையில் பாயைப் பகிர்ந்துகொண்டு, ஒரே குளத்தில் முங்கப் பழகினோம். அவன் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது கூடப் போனவன் நான். அவன் மனைவி கனகாவுக்கு இன்றைக்கும் நான் அண்ணன்தான்.

தொண்ணூற்றொன்று வரைக்கும் நானும் முங்கினேன். அதற்குப் பிறகு ஐந்து வருஷமாக எனக்கு மேஜை வேலை. ரெகுலேட்டர் சர்வீஸ். அது என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. முதுகில் மாட்டுகிற சிலிண்டரில் காற்று, லாரி டயரில் இருப்பதைப் போல இருபத்தைந்து மடங்கு அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். அதை அப்படியே வாயில் விட்டால் ஆள் காலி. ரெகுலேட்டர் அதை இரண்டு படியாகக் குறைத்துக் கொடுக்கும். சிலிண்டரின் தலையில் ஒரு படி, வாயில் கடித்துக்கொள்ளும் இடத்தில் இன்னொரு படி. இரண்டிலும் ஒரு ஸ்பிரிங், ஒரு திருகு. அந்தத் திருகை எவ்வளவு வைப்பது என்பதுதான் என் வேலை. மைசூரில் அதை என்னை விட நன்றாகச் செய்கிற ஆள் இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, பசவராஜ் சாரே சொல்வார்.

அழுத்தம் குறையும்போது காற்று சில்லிட்டுப்போகும். கல்யாண மண்டபத்தில் பெரிய அடுப்பு எரியும்போது கேஸ் சிலிண்டரின் மேல் வெள்ளையாகப் பனி பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அந்த மாதிரி. நம் ஊர்த் தண்ணீரில் அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் தண்ணீரே நாலு டிகிரியில் இருக்கும் இடத்தில் ரெகுலேட்டருக்குள் ஐஸ் கட்டிவிடும். வால்வு திறந்தபடியே நின்றுவிடும். காற்று குழாய்த் தண்ணீராகக் கொட்டும், நிறுத்த முடியாது. அரை மணி நேரத்துக்கு வரவேண்டிய காற்று மூன்று நிமிஷத்தில் தீர்ந்துபோகும். அதனால் குளிர்த் தண்ணீருக்குப் போகிற செட்டை இறுக்கமாக வைக்க வேண்டும். முதல் படியில் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், வாய்ப்படியில் ஸ்பிரிங்கைக் கெட்டிப்படுத்த வேண்டும், தலைமூடிக்குள் தண்ணீர் அண்டாமல் சிலிக்கான் கிரீஸ் அடைக்க வேண்டும். இப்படி வைத்தால் மூச்சை இழுக்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். அந்தக் கஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டால் ஆள் திரும்பி வருவான்.

இதில் தப்பு வரக்கூடாது என்று நானே ஒரு வழக்கம் வைத்தேன். குளிர்ப் பிரதேசத்துக்குப் போகிற ஒவ்வொரு செட்டையும் டிரம்மில் ஐஸும் தண்ணீரும் நிரப்பி அதற்குள் முக்கி, மாட்டப்போகிறவனே அரை மணி நேரம் அதில் மூச்சு விட வேண்டும். தாங்கினால் ஒரு அட்டையில் அளவை எழுதி நானும் அவனும் கையெழுத்துப் போட்டு, செட்டோடு கட்டிவிடுவோம். இரண்டு கையெழுத்து இல்லாமல் என் மேஜையை விட்டு ஒரு செட்டும் போனதில்லை. மகேந்திரனின் செட்டும் இரண்டு கையெழுத்தோடுதான் போனது.

மகேந்திரன் விஷயத்தைச் சொல்ல வேண்டுமானால், எங்களோடு முங்கின சித்தையன் கதையிலிருந்து வர வேண்டும்.

தொண்ணூற்றொன்று ஆகஸ்டில் ஒரு அணையில் வேலை. பெயர் ஃபைலில் இருக்கிறது. மழைத் தண்ணீர், கலங்கல், கீழே கையை நீட்டினால் விரல் தெரியாது. அந்த மாதிரி இடத்தில் முங்குகிறவன் இடுப்பில் ஒரு கயிறு கட்டி, மேலே ஒருவன் அதைக் கையில் பிடித்திருப்பான். ஒரு இழுப்பு வந்தால் நலம் என்று அர்த்தம். நாலு இழுப்பு வந்தால் தூக்கு என்று அர்த்தம். அன்றைக்குச் சித்தையன் கீழே போனான். கயிறு என் பொறுப்பு. மகேந்திரன் அவசரத்துக்கு இறங்குவதற்காகப் படகில் இருந்தான். சித்தையனின் கால் மதகுக் கம்பியில் மாட்டிக்கொண்டது. நாங்கள் தூக்கினபோது உயிர் இல்லை. விசாரணையில், இழுப்பு வந்ததா என்று கேட்டார்கள். என் கைக்கு எதுவும் வரவில்லை என்று சொன்னேன். அது சத்தியமான வார்த்தை.

எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். உள்ளே போகும் முன்னால் மகேந்திரனிடம், "கயிறு என் கையிலதான் இருந்துது, இல்லியா?" என்றேன். "ஆமாண்டா, நீ ஏன் நடுங்கறே, தைரியமா போ" என்று முதுகில் தட்டினான். ஒரு வாரம் கழித்து பசவராஜ் சார் என்னைக் கூப்பிட்டார். இனிமேல் தண்ணீருக்குப் போக வேண்டாம், கயிற்றையும் தொட வேண்டாம், ரிப்பேர் மேஜையில் உட்கார் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "உனக்கே தெரியும் அப்பா" என்று மட்டும் சொன்னார்.

நீங்களே சொல்லுங்கள். படகில் இருந்தது இரண்டு பேர். நான் வாயைத் திறக்கவில்லை. அப்படியானால் யார் சொல்லியிருக்க முடியும்? கூடப் பிறந்தவனாக நினைத்தவன், ஒரே தட்டில் சாப்பிட்டவன், முதுகில் தட்டி உள்ளே அனுப்பிவிட்டு அந்த முதுகிலேயே குத்திவிட்டான். நான் அழுதேன் சார், சொல்வதற்கு வெட்கமில்லை. அப்பா செத்தபோதுகூட அப்படி அழவில்லை.

ஒரு தடவை கேட்டுவிட்டேன். கம்பெனிக்கு எதிரே டீக்கடையில். அவன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "உன்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலைடா செந்திலு. மாதேஸ்வரன் மேல ஆணை" என்றான். மலைச்சாமி மேல் ஆணையிட்டுப் பொய் சொல்கிறானே என்று எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. டீக்கு நான்தான் கொடுத்தேன்.

அதற்கப்புறம் அவன் என்னிடம் காட்டின பிரியம் இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஊருக்குப் போனால் பச்சை நிலக்கடலை கொண்டுவருவான். மாதேஸ்வரன் மலைக்குப் போனால் பிரசாதம். மற்ற ஆட்கள் என் மேஜைப் பக்கம் வரத் தயங்கினபோது, "செந்திலு கை வெச்ச செட்டுன்னாத்தான் நான் வாயில வெப்பேன்" என்று ஷெட்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னான். எல்லோரும் அதை நட்பு என்று நினைத்தார்கள். குற்றம் செய்தவன் மனசு குறுகுறுக்கிறது, அதற்கு மேல் பூசுகிறான் என்று எனக்குத் தெரியும். நாற்பது வயசாகியும் அவனை சூப்பர்வைசர் ஆக்கவில்லை. அவனுக்குக் கீழே வேலை கற்றவர்கள் ஆகிவிட்டார்கள், அவன் மட்டும் இன்னும் முங்கிக்கொண்டிருந்தான். காட்டிக்கொடுக்கிறவனை யார்தான் மேலே ஏற்றுவார்கள் என்று நினைத்து எனக்குக் கொஞ்சம் ஆறுதல் உண்டு.

போன டிசம்பரில் இமாச்சலில் ஒரு அணை வேலை வந்தது. சுரங்க வாய்க் கம்பியில் அடைசல். ஜனவரியில் இறங்க வேண்டும், தண்ணீர் ஐஸாக இருக்கும். யார் போகிறீர்கள் என்று பசவராஜ் சார் கேட்டார். மகேந்திரன் கையைத் தூக்கினான். தூக்கினதோடு நிறுத்தியிருக்கலாம். "செந்திலையும் அனுப்புங்க சார். என் கயித்த அவன் புடிக்கட்டும். அஞ்சு வருஷம் ஆச்சு, போதும்" என்றான். பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பன்னிரண்டு பேரும் என் கையைப் பார்த்தார்கள். பசவராஜ் சார் தலையை ஆட்டி, "பேடப்பா, அது மாத்ரம் கேக்காதே" என்றார்.

கயிற்றை என் கையிலிருந்து பிடுங்கினவன், பன்னிரண்டு பேர் முன்னால் அதை எனக்குத் தானம் பண்ணச் சொல்கிறான். மானமுள்ளவன் எவனுக்கும் வயிறு எரியும். எனக்கு எரிந்தது. ஆனால் நான் சத்தம் போடுகிற ஆள் இல்லை. மேஜைக்குப் போய் அவன் செட்டைப் பிரித்து உட்கார்ந்தேன்.

முதலில் எல்லாவற்றையும் முறைப்படிதான் செய்தேன். இதை ரைட்டர் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். புது வாஷர், புது ஓ-ரிங். அழுத்தத்தைக் குறைத்து, ஸ்பிரிங்கைக் கெட்டியாக வைத்து, மூடிக்குள் கிரீஸ் அடைத்தேன். மண்டி மொஹல்லா போய் நாலு பாளம் ஐஸ் வாங்கிவந்து டிரம்மை நிரப்பினேன். மகேந்திரன் அரை மணி நேரம் மூச்சு விட்டான். ஒரு சொட்டுக் காற்று வீணாகவில்லை. வாயிலிருந்து எடுத்ததும் திட்டினான்.

"என்றா இது, இழுக்கவே மாட்டேங்குது. ஸ்ட்ரா போட்டு இட்லி மாவ உறிஞ்சற மாதிரி இருக்குது. கொஞ்சூண்டு லூஸ் பண்ணுடா."

"குளிருக்கு இப்படித்தான் இருக்கணும். லூஸ் பண்ணினா ஐஸ் புடிச்சுக்கும்."

"அட, உனக்குத் தெரியாததா. சரி, எங்க கையெழுத்து?"

போட்டான். நானும் போட்டேன். அட்டையைச் செட்டில் கட்டினேன். அவன் பல் தேய்க்கும்போதுகூட லேசான பிரஷ் கேட்கிற ஆள். தண்ணீர்க்காரர்கள் எல்லோருக்கும் இருக்கிற ஆசைதான் இது. மூச்சு லேசாக வந்தால் செட்டு நன்றாக இருக்கிறது என்று நினைப்பார்கள். நம் பக்கத்து வெதுவெதுப்புத் தண்ணீரில் பழகினவர்களுக்கு அது தப்பாகவும் படாது.

அன்றைக்குச் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஆட்கள் கிளம்பின பிறகு செட்டைத் திரும்ப மேஜையில் வைத்தேன். அட்டையை அவிழ்க்கவில்லை. மூடியைக் கழற்றி கிரீஸைத் துணியால் சுத்தமாகத் துடைத்தெடுத்தேன். முதல் படியில் அழுத்தத்தைக் கூட்டினேன். வாய்ப்படி ஸ்பிரிங்கைத் தளர்த்தினேன். மொத்தம் இருபது நிமிஷ வேலை. அவன் கேட்டதைச் செய்கிறோம் என்ற எண்ணம்தான் இருந்தது.

மறுநாள் காலையில் ரயிலுக்குப் போகும் வழியில் செட்டை எடுத்துக்கொள்ள வந்தான். பழக்கதோஷத்தில் சிலிண்டரில் மாட்டி வாயில் வைத்து ஒரு மூச்சு இழுத்தான். அவன் முகம் மலர்ந்த விதத்தை நான் மறக்கவில்லை.

"ஆஹா. தென்றல் மாதிரி வருதுடா. எனக்காக மறுபடி உக்காந்து பண்ணுனியா?"

"உனக்காகத்தான்."

"குளிருக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஐஸ் வாங்கிட்டு வரட்டுமா? இன்னொரு தடவை டிரம்ல போட்டுப் பாத்துடலாம்."

"போடா, ரயிலு போயிரும். நீ வெச்சா சரியாத்தான் இருக்கும்."

நான் கேட்டேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், சார். வேண்டாம் என்று சொன்னது அவன். ஒரு மனுஷனிடம் ஒரு தடவை கேட்டால் போதாதா? அவன் என்னைக் கட்டிப்பிடித்து, "திரும்பி வந்ததும் மலைக்குப் போலாம், ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினான். நான் டிரம்மைக் கவிழ்த்து முந்தின நாள் தண்ணீரைக் கொட்டினேன்.

ஜனவரி பதினெட்டாம் தேதி தந்தி வந்தது. இருபத்தாறு மீட்டர் ஆழத்தில், சுரங்க வாய்க்குள் போன பிறகு காற்று கொட்ட ஆரம்பித்திருக்கிறது. கயிறு பிடித்தவன் நல்ல ஆள், நாலு இழுப்பு வந்த உடனே இழுத்திருக்கிறான். ஆனால் கயிறு கம்பியில் சுற்றிக்கொண்டது. அவிழ்த்து மேலே கொண்டுவர ஒன்பது நிமிஷம் ஆகிவிட்டது. அங்கிருந்த போலீஸ் விபத்து என்று எழுதி மூடினார்கள். உடலை ஊருக்குக் கொண்டுபோனார்கள், செட்டு என் மேஜைக்கு வந்தது. என்ன கோளாறு என்று பார்த்து எழுதிக் கொடு என்றார் பசவராஜ் சார். அவருக்கு என்னை விட்டால் யாரைத் தெரியும்? பிரித்துப் பார்த்தேன். அட்டையில் இருக்கும் அளவு ஒன்று, செட்டில் இருக்கும் அளவு வேறு என்று எழுதினேன். அது நிஜம். மூச்சு லேசாக வருவதற்காக முங்கினவரே திருகை மாற்றியிருக்கலாம் என்று கீழே ஒரு வரி சேர்த்தேன். ஷெட்டில் எல்லோரும் நம்பினார்கள். அவன் ஸ்ட்ராவையும் இட்லி மாவையும் சொல்லித் திட்டினது அவர்கள் காதில் விழுந்திருந்தது.

கனகா பதினாறாம் நாள் முடிந்து ஷெட்டுக்கு வந்தாள். அவனுடைய துண்டையும் டிபன் டப்பாவையும் எடுத்துக்கொள்ள. என் மேஜை முன்னால் நின்று, "ஏனுங்கண்ணா, அவரேதான் திருகிட்டாருங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. அவனுக்கு எப்பவும் லேசா வேணும்."

"நீங்க பண்ணுனதுல கை வெக்கவே மாட்டாருங்களே. சாமி படத்துக்குக்கூட அவ்ளோ பயம் இல்லீங்க அவருக்கு" என்றாள். அழவில்லை. டப்பாவைத் துண்டில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். வாசல் வரைக்கும் கூடப் போய் ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன்.

இந்த அளவில் எனக்குக் கணக்குத் தீர்ந்திருந்தது. நான் நிம்மதியாகத் தூங்கினேன். இன்றைக்குக் காலையில் நீங்கள் கூப்பிட்டது சும்மா சாட்சிக்கு என்றுதான் வந்தேன். கடைசி விவரம் கேட்டு இமாச்சல் போலீஸ் எழுதின கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டும், கம்பெனியில் ஏற்கெனவே ஒரு சாவு நடந்திருக்கிறதே என்று பழைய ஃபைலையும் வரவழைத்து வைத்திருந்தீர்கள். நீங்கள் போன் பேசப் போனபோது அது மேஜை மேல் திறந்திருந்தது. நான் படித்தேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மல்லப்பன் என்று ஒரு வாட்ச்மேன், அணைச் சுவரின் மேல் நின்றவன், அவன் வாக்குமூலம் முதலில் இருக்கிறது. கயிற்றுக்காரர் கரையோரம் கட்டியிருந்த படகின் கொக்கியில் கயிற்றைச் சுற்றிவிட்டுப் பீடிக்கு நெருப்பு வாங்கக் கரைக்கு வந்தார், திரும்பிப் போகப் பத்து நிமிஷம் ஆனது என்று சொல்லியிருக்கிறான். பத்து நிமிஷம் இருக்காது. ஆறோ ஏழோ இருக்கலாம். என் கைக்கு இழுப்பு வரவில்லை என்று நான் சொன்னது உண்மைதானே? கயிறு கொக்கியில் இருந்தது. சித்தையன் எத்தனை தடவை இழுத்தானோ, கொக்கிக்குத்தான் தெரியும். மகேந்திரன் அப்போது படகின் மறு முனையில் ரப்பர் சட்டையைத் தலைவழியாக மாட்டிக்கொண்டிருந்தான். அவன் எதையும் பார்த்திருக்க முடியாது.

அடுத்த பக்கம் மகேந்திரனின் வாக்குமூலம், மல்லப்பன் சொன்னதைப் படித்துக் காட்டின பிறகு எழுதி வாங்கினது. கோணல் கன்னடம், அவன் கையெழுத்தேதான். 'செந்தில்நாதன் கயிற்றை விடவில்லை. அவன் என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் கரைக்குப் போனான். நான்தான் சரியாகப் பிடிக்கவில்லை. தப்பு என்னுடையது.' அதற்குக் கீழே அதிகாரி சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்: இவரைப் பொறுப்பான பதவிக்கு உயர்த்தக் கூடாது.

மூன்று தடவை படித்தேன். நீங்கள் வந்து டீ சொன்னீர்கள். டீ வருவதற்குள் நான் உங்களிடம், சார், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

செந்தில்நாதனாகிய நான், எவருடைய தூண்டுதலும் இல்லாமல், தெரிந்தே அந்தத் திருகுகளை மாற்றினேன். மகேந்திரன் சாக வேண்டும் என்று மாற்றினேன். செத்தவன் மேல் பழி விழும்படி எழுதினதும் நான்தான். சித்தையன் விஷயத்தையும் சேர்த்து எழுதிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஆனால் ஒன்றை மட்டும் நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும், சார். இவ்வளவு பெரிய விஷயத்தை அவன் என்னிடம் அந்த டீக்கடையில் ஒரே ஒரு தடவைதான் சொன்னான். இன்னொரு தடவை உட்காரவைத்து அழுத்திச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன்.